மரத்தரை: பல வருஷப் புழக்கத்துக்குப் பிறகு, தளத்தையும் அளவையும் பற்றி

க்ளிக் முறையில் (பசையில்லாமல் ஒன்றுக்குள் ஒன்று பூட்டி) கோர்க்கும் 14 மி.மீ. எஞ்சினியர்டு பலகை, அதாவது பல அடுக்கு மரத்தின் மேல் அசல் மரத்தகடு ஒட்டிய பலகை, பல வருஷம் புழங்கிய பிறகும் நன்றாகவே இருக்கிறது. ஆங்காங்கே வரும் கிறீச் சத்தம், இடைவெளி, உப்பல் ஆகியவற்றுக்குப் பெரும்பாலும் காரணம், பலகை போடுவதற்கு முன் அறையில் செய்யாமல் விட்ட வேலைதான்.

மட்டம்தான் முதல் காரியம். 2 மீட்டர் மட்டக்கோலை எல்லாத் திசையிலும் வைத்து, அடியில் வெளிச்சம் தெரிகிற இடங்களைச் சாக்பீஸால் வட்டமிடுங்கள். அந்த நீளத்துக்கு 3 மி.மீ. வரை ஏற்றத்தாழ்வு இருக்கலாம். அதற்கு மேல் போனால் மேட்டைத் தேய்த்து எடுக்க வேண்டும். பள்ளத்தில் ப்ரைமர் அடித்து செல்ஃப் லெவலிங் கலவை (தானே பரவி மட்டமாகும் சிமென்ட் கலவை) ஊற்ற வேண்டும். பலகைக்கு அடியில் விரிக்கும் மெத்தென்ற விரிப்பான அண்டர்லேயை மடித்துப் பள்ளத்தில் திணிப்பவர்கள் நிறைய. தயவுசெய்து அதை அனுமதிக்காதீர்கள். கால் படும்போதெல்லாம் பலகை அமுங்கி எழும், பலகைகளை ஒன்றோடொன்று பூட்டும் நாக்கும் காடியும் தேயும், கடைசியில் மூட்டு விட்டுப்போகும். ஆள் அதிகம் நடக்கும் வாசல் பக்கத்தில்தான் இது முதலில் தெரியும்.

கான்கிரீட் மேலே காய்ந்திருந்தாலும் உள்ளே ஈரம் தங்கும். ஈரமானியால் சோதித்த பிறகு 200 மைக்ரான் பாலித்தீன் ஷீட்டை 20 செ.மீ. ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி விரித்து டேப் ஒட்டுங்கள். பலகைப் பெட்டிகளைப் பிரிக்காமல் அதே அறையில் குறைந்தது 48 மணி நேரம் படுக்கையாக வைத்திருப்பது நல்லது.

இனி அளவு. எந்தச் சுவரும் முழுக்க நேராக இருக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள். அகலத்தை இரு முனையிலும் நடுவிலும் எடுங்கள். இரண்டு மூலைவிட்டமும் ஒத்துப்போகாவிட்டால் அறை கோணல். பலகை வாங்கும் முன்பே கடைசி வரியின் அகலத்தைக் கணக்கிட்டுவிட வேண்டும். அறை அகலம் 3,070 மி.மீ., பலகை 190 மி.மீ. என்றால், மரம் விரிய இரு சுவரோரமும் தலா 10 மி.மீ. விடும் விரிவிடைவெளி 20 போக 3,050 மிஞ்சும். 16 முழு வரி போட்டால் மீதி வெறும் 10 மி.மீ.; அத்தனை ஒல்லியான கீற்று நிற்காது. 15 முழு வரி வைத்து, முதல் வரியையும் கடைசி வரியையும் தலா 100 மி.மீ. ஆக அறுத்தால் சரியாக அமையும். சுவர் கோணலைச் சுவரோர வரிகளில் மறைக்கவும் அந்த 100 மி.மீ. இடம் தரும்.

சுவரோரம் விடும் 10 மி.மீ. இடைவெளியைக் குழாய், தூண், நிலைக்கால் பக்கத்திலும் விட வேண்டும். ஈரக்காலத்தில் மரம் விரியும். போக இடமில்லாவிட்டால் அறை நடுவே கூடாரமாக எழும்பிவிடும். அந்த இடைவெளியை மறைக்கும் ஸ்கர்ட்டிங்கை (சுவரடிப் பட்டை) சுவரில்தான் அடிக்க வேண்டும், பலகையில் அல்ல.

நிலைக்காலின் அடியை அறுக்க, ஒரு துண்டுப் பலகையை அண்டர்லேயோடு தரையில் வைத்து, அதன்மேல் ரம்பத்தைப் படுக்க வைத்து ஓட்டினால் உயரம் பிசகாது. கதவு அடியில் உரசுமா என்பதையும் அதே துண்டை வைத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

சேதாரத்துக்கு நேர் வரிசையில் 10 சதவீதம், சாய்வாகப் போட்டால் 15 சதவீதம் கூட்டி வாங்குங்கள். மிஞ்சும் பெட்டியைத் திருப்பிக் கொடுக்காதீர்கள். பின்னால் ஒரு பலகை பழுதானால் அதே தொகுப்பின் நிறம் கடையில் கிடைப்பது அரிது.