மணல் நிலத்தில் மான் தீவனம்: காராமணியா, சணப்பையா?

அமெரிக்காவின் தெற்கு ஜார்ஜியா, வடக்கு புளோரிடா பக்கம் வெள்ளைவால் மான்களுக்குக் கோடைத் தீவனம் விதைப்பவர்களுக்கு மண்தான் தலைவலி. தண்ணீர் நிற்காத மணல், போதாததற்குப் புளிப்பு மண் வேறு. 'அயர்ன் அண்ட் க்ளே' என்ற ரகக் காராமணி, சணப்பை இரண்டுமே அதில் தாக்குப்பிடிக்கும்.

ருசி என்று பார்த்தால் காராமணிதான். இளந்தளிர் கிடைத்தால் மான் விடவே விடாது. சிக்கலும் அங்கேதான். அரை ஏக்கரில் மட்டும் விதைத்தால் செடி தலையெடுக்கும் முன்பே மொட்டையடித்துவிடும். விதையிலைக்குக் கீழே கடிபட்ட செடி மறுபடி துளிர்க்காது. மின்வேலி போட வேண்டும், இல்லையென்றால் பரப்பைக் கூட்ட வேண்டும்.

சணப்பை மளமளவென்று வளரும், இரண்டே மாதத்தில் ஆளுயரம். மண்ணில் தழைச்சத்து சேர்க்கும், வேர்முடிச்சு நூற்புழுவையும் அடக்கும். ஆனால் தண்டு முற்றினால் வெறும் நார். மான் இலையை மட்டும்தான் உருவித் தின்னும். முற்றுவதற்குள் நுனியை வெட்டிவிட்டால் பக்கக் கிளை வெடிக்கும்.

இடம் சிறிது, மான் அதிகம் என்றால் நான் காராமணியைத் தனியாக விதைக்கச் சொல்லமாட்டேன். சணப்பையோடு கலந்து விதையுங்கள், காராமணிக்கு ஏறிப் படரக் கொம்பும் கிடைக்கும். அப்புறம், விதைநேர்த்திக்குக் காராமணி ரைசோபியம் (வேரில் தழைச்சத்தைச் சேர்க்கும் நுண்ணுயிர்) ஒன்றே இரண்டுக்கும் போதும்.