நவஹோ குடும்பத்தோடு கிரகண மலையேற்றம் என்று நம்பி 1,860 டாலர் போனது. ஏமாறாதீர்கள்!

ஆத்திரம் அடங்கட்டும், அப்புறம் எழுதலாம் என்று மனைவி சொன்னாள். அடங்கினால் எழுதவே மாட்டேன் என்று எனக்குத் தெரியும். அதனால் இப்போதே எழுதுகிறேன்.

2023 அக்டோபர் 14, சனிக்கிழமை, வளையச் சூரிய கிரகணம். அமெரிக்காவின் அரிசோனா, யூட்டா மாநில எல்லையில் இருக்கும் மானுமெண்ட் பள்ளத்தாக்கில், நவஹோ பழங்குடிக் குடும்பத்தோடு மலையேறி, உச்சியில் கூடாரத்தில் தங்கி, காலையில் நெருப்பு வளையத்தைப் பார்க்கலாம் என்று ஒரு விளம்பரம். தலைக்கு 465 டாலர். நான், மனைவி, மகள், ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா, நாலு பேருக்கு 1,860 டாலர். மலையும் ஏறவில்லை, வழிகாட்டியின் முகத்தையும் பார்க்கவில்லை, பணமும் வரவில்லை.

தளத்தின் பெயரை எழுதினால் பதிவையே தூக்க வைத்துவிடுவார்கள் என்று நண்பர்கள் எச்சரித்ததால் எழுதவில்லை. உள்ளூர் மக்களே நடத்தும் 'அனுபவங்களை' விற்பதாகச் சொல்லிக்கொள்ளும் இடைத்தரகுத் தளம் அது. அதில் கடை விரித்திருந்த ஓர் ஏற்பாட்டாளரிடம்தான் மாட்டினோம்.

எப்படி நம்ப வைத்தான் என்பதை விவரமாகச் சொல்லியாக வேண்டும். அப்பாவுக்கு 70 வயது தாண்டிவிட்டது, முட்டி வலி வேறு. நாங்கள் ஏற வேண்டிய ஹண்ட்ஸ் மேசா என்ற மேட்டின் உச்சிக்கு அவரால் வர முடியுமா என்று கேட்டு எழுதினேன். பத்து நிமிடத்தில் போன் வந்தது. அவ்வளவு இதமான குரல். "பாதித் தூரம் ஜீப்பில் போய்விடுவோம். மீதியை உங்கள் அப்பாவின் கையைப் பிடித்து நானே நடத்திக் கூட்டிப் போகிறேன். எங்கள் தாத்தாவுக்கு 80 வயது, அவரும் கூட வருவார், இரண்டு பேரும் பேசிக்கொண்டே வரட்டும்" என்றான். பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த அப்பாவின் முகம் மலர்ந்துபோனது. அன்று இரவே ஷூ வாங்கித் தரச் சொன்னார்.

தளத்தில் முன்பணமாக 372 டாலர் கட்டினோம். மீதி 1,488 டாலரைத் தங்கள் குடும்பக் கணக்குக்கே நேராக அனுப்பச் சொன்னான். "தளத்துக்குக் கமிஷன் போகாது, முழுப்பணமும் எங்கள் மக்களுக்கே சேரும்" என்றான். எங்கள் பேராசையை அவன் தூண்டவில்லை. அந்த மக்களுக்கு நாலு காசு கூடுதலாகப் போகட்டுமே என்ற நல்லெண்ணத்தைத்தான் தூண்டினான். எனக்கு வயிறு எரிவது இந்த இடத்தில்தான்.

வெள்ளிக்கிழமை மாலை, பள்ளத்தாக்குக்குப் பக்கத்தில் இருக்கும் கயெண்டா ஊரில் ஒரு பெட்ரோல் பங்க் வாசலில் சந்திப்பதாக ஏற்பாடு. அவன் அனுப்பிய பயணத் திட்டத் தாளை அச்சடித்து எடுத்துக்கொண்டு போய் நின்றோம். அதே அச்சடித்த தாளைக் கையில் வைத்துக்கொண்டு கொலராடோவிலிருந்து வந்த ஒரு தம்பதியும் நின்றார்கள். போன் அடித்தது, எடுக்கவில்லை. அப்புறம் அடிக்கவே இல்லை. இருட்டின பிறகு ஒரு குறுஞ்செய்தி: வழிகாட்டியின் வீட்டில் அவசரம், காலை 6 மணிக்கு மானுமெண்ட் பள்ளத்தாக்குப் பூங்கா வாசலுக்கு வந்துவிடுங்கள். கிரகணக் கூட்டத்தில் சுற்றுவட்டாரத்தில் ஓர் அறை காலி இல்லை. அந்தக் குளிரில் அப்பா கார் முன்சீட்டில், புது ஷூவைக்கூடக் கழற்றாமல் இரவெல்லாம் உட்கார்ந்திருந்தார்.

காலையில் பூங்கா வாசலிலும் யாரும் வரவில்லை. அறிவிப்புதான் எங்களை வரவேற்றது: கிரகணத்தை முன்னிட்டுக் காலை 8 மணி முதல் மதியம் 1 மணி வரை பூங்கா மூடப்படும், எந்தச் சுற்றுலாவும் நடக்காது.

வாசலில் வேலை பார்த்த நவஹோ அம்மா ஒருவர் எங்கள் தாளை வாங்கி முழுவதும் படித்தார். அவருக்குக் கோபம் வந்தது, ஆனால் எங்கள்மேல் இல்லை. பொறுமையாக எடுத்துச் சொன்னார். தினே என்று தங்களை அழைத்துக்கொள்ளும் அவர்களுடைய மரபில் கிரகணம் வேடிக்கை பார்க்கும் விஷயமே இல்லை. சூரியன் இறந்து மீண்டும் பிறக்கும் நேரம் அது. அந்த நேரத்தில் வீட்டுக்குள் அமைதியாக இருப்பார்கள். சாப்பிடமாட்டார்கள், தண்ணீர் குடிக்கமாட்டார்கள், தூங்கமாட்டார்கள், சூரியனை நிமிர்ந்து பார்க்கமாட்டார்கள். கர்ப்பிணிகள் இன்னும் கவனமாக இருப்பார்கள். மானுமெண்ட் பள்ளத்தாக்கு மட்டுமல்ல, நவஹோ தேசம் என்ற அவர்களுடைய தன்னாட்சிப் பகுதியின் பழங்குடிப் பூங்காக்கள் எல்லாவற்றையும் அந்த நேரத்துக்கு மூடுகிறோம் என்று முன்கூட்டியே ஊரறிய அறிவித்துவிட்டார்கள். "மரபை மதிக்கிற எந்தக் குடும்பமும் உங்களை இதற்குக் கூட்டிப் போகாது" என்றார். அந்த ஏற்பாட்டாளரின் பெயர் அவர்களிடம் இருந்த அனுமதி பெற்றவர்கள் பட்டியலிலும் இல்லை.

நான் மொழிபெயர்த்துச் சொல்லச் சொல்ல அப்பா கேட்டுக்கொண்டிருந்தார். முடித்ததும் ஒரே வரிதான் சொன்னார்: "கோயில் நடை சாத்தியிருக்கிற நேரத்துக்கு சிறப்பு தரிசன டிக்கெட் வித்திருக்கான்டா."

அதற்குப் பிறகு அந்தத் தாளைப் படிக்கப் படிக்க ரத்தம் கொதிக்கிறது. "கிரகணத்தைப் பார்த்தபடியே நவஹோ பாட்டியின் கையால் காலை உணவு" என்று அதில் இருக்கிறது! அந்த நேரத்தில் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்காத பாட்டிமார்களின் பெயரில் விருந்து விற்றிருக்கிறான். டர்க்காய்ஸ் என்ற நீலக்கல் மாலை போட்ட அந்தப் பாட்டியின் படத்தை இணையத்தில் தேடினேன். புகைப்படங்களை விலைக்கு விற்கும் ஒரு தளத்தில் அதே படம் கிடைக்கிறது. டிரோனில் குடும்பப் படம் எடுத்துத் தருவானாம். நவஹோ பழங்குடிப் பூங்காக்களில் டிரோனுக்கே தடை. வளையம் தெரியும் நேரம் காலை 9:30 என்று போட்டிருக்கிறான். அது அரிசோனாவின் தலைநகரான ஃபீனிக்ஸின் கடிகாரம். அரிசோனாவின் மற்ற பகுதிகள் கோடையில் கடிகாரத்தை மாற்றுவதில்லை, நவஹோ தேசம் மாற்றும். அங்கே மணி 10:30. அந்த மண்ணில் ஒரு கோடை வாழ்ந்தவர்கூட இப்படி எழுதியிருக்க முடியாது.

அந்த அம்மாதான் வழியும் காட்டினார். சான் ஹுவான் ஆற்றைத் தாண்டினால் நவஹோ எல்லை முடிந்துவிடும், மெக்சிகன் ஹாட் என்ற ஊர்ப் பக்கம் போய்ப் பாருங்கள் என்றார். அரை மணி நேர ஓட்டம். சாலையோரம் ஏற்கெனவே பெரிய கூட்டம். கிரகணக் கண்ணாடியும் அந்த 1,860 டாலருக்குள் அடக்கம் என்று சொல்லியிருந்தான், எங்களிடம் ஒன்றுகூட இல்லை. பக்கத்தில் நின்ற ஒரு குடும்பம் தங்களுடையதை மாற்றி மாற்றித் தந்தது. வளையம் நாலு நிமிடத்துக்கும் மேல் நின்றது. மகள் துள்ளினாள். அதைப் பார்க்க யாருக்கும் ஒரு சென்ட்கூடக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

இனி, பணத்தைக் கேட்டுப் பட்ட பாடு. தளத்தில் முதலில் பதில் சொன்னது இயந்திரம். மனிதர் வந்து சேரவே இரண்டு நாள். அவர் சொன்ன பதில்: பூங்கா மூடப்பட்டது உள்ளூர் அரசின் நடவடிக்கை, எங்கள் விதிப்படி அதற்குப் பணம் திரும்பக் கிடைக்காது. சரி, முன்கூட்டியே அறிவித்த மூடலை எப்படி விற்க விட்டீர்கள் என்று கேட்டேன். பதில் இல்லை. மீதி 1,488 டாலர் எங்கள் கணக்கிலேயே வரவில்லை, அதைப் பற்றி நாங்கள் பேச முடியாது என்றார்கள். அடுத்த முறை பயன்படுத்த 50 டாலர் கூப்பன் தருகிறார்களாம். 1,860 டாலர் போனவனுக்கு 50 டாலர் கூப்பன்! வங்கியைக் கேட்டால், நீங்களே ஒப்புதல் தந்து அனுப்பிய பணம், நாங்கள் ஒன்றும் செய்ய முடியாது என்கிறார்கள். அந்த ஏற்பாட்டாளனிடமிருந்து வந்த ஒரே பதில்: "கிரகணம் சொன்ன நாளில் நடந்ததே, என்ன குறை?" அதற்கு நான் எழுதிய பதில் போய்ச் சேரவில்லை. என் எண்ணைத் தடுத்துவிட்டான்.

இவ்வளவு அவசரமாக எழுதக் காரணம் இருக்கிறது. 2024 ஏப்ரல் 8 அன்று முழுச் சூரிய கிரகணம் வருகிறது. மெக்சிகோவில் கரையைத் தொட்டு டெக்சாஸ், ஓக்லஹோமா, மெய்ன் வழியாகக் கனடா வரை போகும். "பழங்குடியினரோடு முழுக் கிரகணம்" என்று அதே ஆள், அதே பாட்டியின் படத்தோடு, இப்போதே விளம்பரம் போட்டிருக்கிறான். நம்மவர்களில் பலர் டெக்சாஸில் இருக்கிறீர்கள், தயவுசெய்து கவனியுங்கள். பழங்குடி என்றால் எல்லாருக்கும் ஒரே வழக்கம் என்று நினைத்துவிடாதீர்கள். ஓக்லஹோமாவின் சாக்டா மக்களின் கதையில் ஒரு கறுப்பு அணில் சூரியனைத் தின்னும், மக்கள் சத்தம் எழுப்பி அதை விரட்டுவார்கள். நவஹோ வீடுகளிலோ மௌனம். யாருடைய மண்ணுக்குப் போகிறீர்களோ, அவர்களையே நேராகக் கேளுங்கள்.

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், கை நடுங்குகிறது. சுருக்கமாகச் சொல்கிறேன். அந்தப் பழங்குடி அரசின் பூங்காத் துறைத் தளத்தில் அன்றைக்குத் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். அனுமதி பெற்ற வழிகாட்டிகளின் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று அங்கேயே விசாரியுங்கள். தளத்துக்கு வெளியே ஒரு டாலர்கூட அனுப்பாதீர்கள். கிரெடிட் கார்டில் மட்டும் கட்டுங்கள்.

13ஆம் தேதி மாலை கயெண்டாவில் அந்தத் தாளோடு காத்திருந்தவர்கள் வேறு யாராவது இதைப் படித்தால் எனக்கு உடனே எழுதுங்கள். மாநில நுகர்வோர் பாதுகாப்புப் பிரிவுக்கும் நவஹோ பூங்காத் துறைக்கும் புகார் தயார் செய்துகொண்டிருக்கிறேன். உங்கள் ரசீதையும் சேர்த்தே அனுப்பிவிடலாம்.