இம்ரானின் மட்டையும் வியாவின் பந்தும்

1992 உலகக் கோப்பையை வென்ற இம்ரான் கான், 1996ல் பாகிஸ்தானில் தெஹ்ரீக்-இ-இன்சாஃப் கட்சியைத் தொடங்கினார். அடுத்த ஆண்டுத் தேர்தலில் ஓர் இடம்கூட இல்லை. 2002ல் அவர் மட்டும் ஜெயித்தார். 2011 லாகூர் கூட்டத்துக்கு அப்புறம்தான் காற்று திரும்பியது, 2018ல் பிரதமர்.

லைபீரியாவின் கால்பந்து வீரர் ஜார்ஜ் வியாவுக்கோ 2005 அதிபர் தேர்தலில் முதல் சுற்றிலேயே முதலிடம். இறுதிச் சுற்றில் தோற்றார். 2017 தேர்தலில்தான் அதிபரானார்.

புகழ் வியாவுக்கு உடனே ஓட்டாக மாறியது. ஆனால் ஆழமாக வேர்விட்டது இம்ரானின் கட்சிதான் என்பேன். 2024 தேர்தலின்போது தலைவர் சிறையில். கட்சியின் கிரிக்கெட் மட்டை சின்னமும் பறிபோயிருந்தது. ஒருவருக்குக் கத்தரிக்காய், இன்னொருவருக்கு வேறொன்று என்று சுயேச்சைகளாக நின்ற கட்சிக்காரர்களை மக்கள் தேடிப்பிடித்து ஜெயிக்க வைத்தார்கள்.

வியாவிடம் மனதைத் தொட்டது வேறு: 2023 தேர்தலில் தோற்றதும், தன்னை வென்ற ஜோசப் போகாயைத் தொலைபேசியில் அழைத்து வாழ்த்தினார்.