அலாஸ்கால 4 மணி நேர பிரேக் கிடைச்சா: மவுண்ட் ராபர்ட்ஸா, டீர் மவுண்டனா, டியூயி லேக்கா?

அலாஸ்கா ரூட்ல போற க்ரூஸ் கப்பல்ல புதுசா வேலைக்கு சைன் ஆன் பண்ற பசங்க ரெண்டு வாரத்துல கேக்க ஆரம்பிச்சுடுவாங்க, அண்ணா எந்த போர்ட்ல மலை ஏறலாம், எது பெஸ்ட்னு. கெஸ்ட்டுக்கு சொல்ற பதிலை க்ரூவுக்கு சொல்ல முடியாது. கெஸ்ட்டுக்கு நாள் முழுக்க டைம் இருக்கு, நமக்கு லன்ச் சர்வீஸ் முடிச்சு யூனிஃபார்ம் மாத்தி கப்பல்ல இருந்து இறங்குற கேங்வேக்கு வரும்போதே அரை மணி போயிடும், சாயங்காலம் அஞ்சரைக்கு ஷேவ் பண்ணி டையோட டைனிங் ரூம்ல நிக்கணும். அதனால ஜூனோ, கெச்சிக்கன், ஸ்கேக்வே மூணுலயும் நான் ஏறின மூணு வழியை அந்த கணக்குலயே சொல்றேன்.

முதல்ல ஜூனோ மவுண்ட் ராபர்ட்ஸ். கப்பல் நிக்கிற டாக் பக்கத்துலயே டிராம், அதாவது கம்பியில தொங்கிப் போற ரோப் கார், அதோட ஸ்டேஷன் இருக்கு, 1996-ல ஆரம்பிச்சது, சுமார் 1,800 அடி உயரத்துக்கு சில நிமிஷத்துல கொண்டு போய் விட்டுடும். ஆனா நான் சொல்றது நடந்து ஏறுறது. டவுனுக்குள்ள ஏத்தத்துல போயி பேசின் ரோட்டுல இருந்து காட்டுக்குள்ள நுழையணும், அங்க இருந்து டிராம் மேல் ஸ்டேஷன் வர சுமாரா நடக்குறவங்களுக்கு ஒன்றரை மணி நேரத்துல இருந்து ரெண்டு மணி நேரம் ஆகும். பாதை முழுக்க வேர், ஈரக் கல்லு, கருப்பு சேறு, ரெண்டு பக்கமும் ஸ்ப்ரூஸ் மரம், மழை நின்ன பிறகும் மரத்துல இருந்து சொட்டிக்கிட்டே இருக்கும். டிராம் ஸ்டேஷன் தாண்டி இன்னும் கொஞ்சம் ஏறினா மரம் குறைஞ்சு ஒரு பெரிய மரச் சிலுவை நிக்கும், ஃபாதர் பிரவுன் சிலுவைன்னு சொல்வாங்க, அங்க நின்னா காஸ்டினோ சேனல் முழுக்க கீழ தெரியும். மாசக்கணக்கா நாம ஜன்னல் இல்லாத கேபின்ல தூங்கி எழுந்து வேலை செய்யிற கப்பல் அங்க இருந்து உள்ளங்கை அளவுக்கு இருக்கும், லைஃப்போட்டுங்க வரிசையா ஆரஞ்சு புள்ளி மாதிரி, நான் ஒவ்வொரு தடவையும் அதை எண்ணாம இறங்கினதில்ல. உச்சி 3,819 அடி, ஆனா பிரேக்ல போறவங்க அதை மறந்துடுங்க, சிலுவை வரைக்கும் போதும்.

இந்த மலையோட உண்மையான லாபம் இறங்குறதுல இருக்கு. நேரம் ஆயிடுச்சு, முட்டி வலிக்குது, மழை பிடிச்சுடுச்சுன்னா டிராம்ல டிக்கெட் எடுத்து இறங்கிடலாம், இறங்குற இடமே டாக். மத்த ரெண்டுலயும் அந்த வசதி கிடையாது. காத்து பலமா அடிச்சா டிராமை நிறுத்திடுவாங்க, அதனால அதை மட்டுமே நம்பி லேட் பண்ணக்கூடாது, ஆனாலும் கையில ஒரு மாத்து வழி இருக்குன்ற தைரியம் பெரிய விஷயம்ங்க.

அடுத்தது கெச்சிக்கன் டீர் மவுண்டன். மனசுக்கு பிடிச்சது எதுன்னு கேட்டா யோசிக்காம இதைத்தான் சொல்வேன். 3,000 அடி மலை, ஒரு பக்கத்துக்கு சுமார் இரண்டரை மைல், அவ்வளவு கம்மி தூரத்துல அவ்வளவு உயரம்னா எவ்வளவு செங்குத்தா இருக்கும்னு பாத்துக்கோங்க. அது போக டாக்ல இருந்து பாதை ஆரம்பத்துக்கே ஏத்தமான ரோட்டுல அரை மணிக்கு மேல நடக்கணும், டாக்ஸி பிடிச்சா அது மிச்சம். டோங்காஸ் தேசிய காட்டுக்குள்ள போற பாதை, அமெரிக்காவோட தேசிய காடுகள்லயே பெருசு அதுதான், பாசி பிடிச்ச மரம், பெரிய பெரிய ஃபெர்ன், சத்தமே இருக்காது. கப்பல்ல எந்நேரமும் இன்ஜின் சத்தமும் ஏசி சத்தமும் கேட்டு பழகின காதுக்கு அந்த அமைதி முதல் பத்து நிமிஷம் என்னமோ மாதிரி இருக்கும், அப்புறம் கீழ இறங்கவே மனசு வராது.

பிரச்சினையும் அதுதான். போன சீசன்ல முதல் வியூ பாயிண்ட், ஒரு மைல்ல வரும், அங்கயே திரும்பிடணும்னு முடிவு பண்ணித்தான் ஏறினேன், மேகம் விலகி மேல வெயில் தெரிஞ்சுச்சு, இன்னும் கொஞ்சம் இன்னும் கொஞ்சம்னு போயிட்டேன். கெச்சிக்கன்ல வருஷத்துக்கு 150 இன்ச் அளவுக்கு மழை, வெயில் தெரியுற நாள் கிடைச்சா விட மனசு வராது. இறங்கும்போது ஈர வேர்ல கால் வச்சு முட்டி திருகிடுச்சு, வலியோட ஓட்டமும் நடையுமா வந்து கேங்வேல கார்டு தட்டும்போது க்ரூ டைமுக்கு, அதாவது க்ரூ கப்பலுக்குள்ள திரும்பியிருக்க வேண்டிய நேரத்துக்கு, ஆறு நிமிஷம் மிச்சம். அன்னிக்கு நைட்டு டின்னர் சர்வீஸ்ல ட்ரே தூக்கி நின்ன ஒவ்வொரு நிமிஷமும் ஞாபகம் இருக்கு. கப்பலை விட்டிருந்தா வேலை போறது மட்டும் இல்ல, நாம அமெரிக்கால இறங்குறது ஐ-95 லேண்டிங் பர்மிட்ல, கப்பலோட கிளம்பிடணும்ங்கிற நிபந்தனையில, விசா வரைக்கும் இழுத்துட்டு போகும். அதுவும் மே, ஜூன்ல உச்சிப் பக்கம் பனி இருக்கும், ஸ்னீக்கர் போட்டுக்கிட்டு அதுல கால் வைக்கவே கூடாது.

ஸ்கேக்வே லோயர் டியூயி லேக் சின்ன வழி. டவுனோட ஓரத்துல ரயில் தண்டவாளத்தை தாண்டினதும் பாதை, 1900-ல கட்டி முடிச்ச ஒயிட் பாஸ் ரயில் பாதை அது. முக்கால் மைல், 500 அடி ஏத்தம், ஆரம்பத்துல மூச்சு வாங்கும், அரை மணி நேரத்துல ஏரி. தண்ணி பச்சையா அசையாம கிடக்கும், கரையில உக்காந்து வீட்டுக்கு என்ன சொல்லணும்னு யோசிக்கலாம். மலை ஏறின திருப்தின்னு பாத்தா மத்த ரெண்டுக்கும் கிட்ட வராது. ஆனா ரெண்டு மணி நேர பிரேக்ல டென்ஷன் இல்லாம போய் வர முடியிறது இது ஒன்னுதான். அப்பர் டியூயி லேக் 3,000 அடிக்கு மேல இருக்கு, அது முழு நாள் ஆஃப் இருக்கிறவங்களுக்கு. உங்க கப்பல் டாக்ல கட்டாம டெண்டர்ல, அதாவது சின்ன படகுல, ஆள் இறக்குதுன்னா கெஸ்ட் போன பிறகுதான் நமக்கு இடம், அந்த காத்திருப்பையும் சேத்துக்கோங்க.

ரெஸ்ட் விஷயத்தையும் சொல்லிடறேன், இதை யாரும் சொல்றதில்ல. கடல் தொழிலாளர் ஒப்பந்தம் 2006 படி 24 மணி நேரத்துல குறைஞ்சது 10 மணி நேர ரெஸ்ட், அதை ரெண்டு துண்டுக்கு மேல பிரிக்கக்கூடாது, ஒரு துண்டு 6 மணி நேரமாவது இருக்கணும். டைனிங்ல நம்ம மதிய பிரேக்தான் பெரும்பாலும் அந்த ரெண்டாவது துண்டு. மலை ஏறினா தூக்கத்துல இருந்துதான் எடுக்குறோம். அதனால முந்தின நாள் நைட்டு லேட்டா முடிஞ்சிருந்தா ஸ்கேக்வே ஏரியோட நிறுத்திக்கோங்க, தூக்கம் இல்லாத கால்தான் முதல்ல வழுக்கும்.

கரடி மூணு இடத்துலயும் இருக்கு, தனியா போகாதீங்க, இயர்போன் போடாதீங்க, பேசிக்கிட்டே நடங்க. வழுக்கினா பக்கத்துல இருக்கிற பெரிய இலைச் செடியைப் பிடிச்சுடாதீங்க, டெவில்ஸ் கிளப்னு பேரு, தண்டு முழுக்க முள்ளு.

என் தேர்வு ஜூனோதான், முதல் தடவை போறவங்களுக்கும் ஐபிஎம் டியூட்டி (போர்ட்ல நிக்கும்போதும் கப்பலை விட்டு இறங்காம இருக்க வேண்டிய முறை) இல்லாத சாதாரண நாளுக்கும். ஜூன்ல அங்க ராத்திரி பத்து மணி வரைக்கும் வெளிச்சம் இருக்கும், கப்பலும் சில நாள் லேட்டா கிளம்பும். டீர் மவுண்டனை லன்ச், டின்னர் ரெண்டுலயும் பேரு இல்லாத நாளுக்கு வச்சுக்கோங்க, அதுக்கு முந்தின வாரமே சூப்பர்வைசர்கிட்ட கேக்கணும். எந்த மலையா இருந்தாலும் ஃபோன் டைமைப் பாக்காதீங்க, டவர் மாறும்போது அதுவே மாறிக்கும், கேங்வேல போர்டுல எழுதியிருக்கிற கப்பல் டைமுக்கு கைக்கடிகாரத்தை வச்சு, ஏற எடுத்துக்கிட்ட நேரம் பாதி பிரேக்கை தொட்டதும் எந்த இடமா இருந்தாலும் திரும்பிடுங்க.