கிருஷ்ணகிரி கிளினிக் ஒன்றின் 'மெனோபாஸ் பேக்கேஜ்': 5க்கு 2

கிருஷ்ணகிரி டவுனில் ஒரு தனியார் பெண்கள் கிளினிக். அக்காவுக்கு 48 வயது, மாதவிலக்கு தள்ளித் தள்ளி வருகிறது, ராத்திரியில் திடீரென்று உடம்பு கொதித்து வியர்த்து எழுந்துவிடுகிறார், அதற்காகத்தான் போனோம்.

சுத்தமான இடம். டோக்கன் போட்டால் ரொம்ப நேரம் காத்திருக்க வேண்டியதில்லை, ஸ்கேன் எடுக்கும் பெண் அவ்வளவு பொறுமையாகப் பேசினார். என் கோபமெல்லாம் டாக்டர் அறையில் நடந்ததைப் பற்றித்தான். அக்கா பேசி முடிப்பதற்குள் 'ஹார்மோன் குறைபாடு' என்று சீட்டில் எழுதி, பேக்கேஜ் அட்டையை நீட்டிவிட்டார்கள்: எஃப்.எஸ்.எச். (சினைப்பையைத் தூண்டும் ஹார்மோனை அளக்கும் ரத்தப் பரிசோதனை), தைராய்டு, எலும்பு ஸ்கேன், மூன்று மாத ஹார்மோன் மாத்திரை, எல்லாம் சேர்த்து 8,500 ரூபாய். வெளியே வந்ததும் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்கு என்னடி வியாதி?" என்று கேட்டார்.

வியாதியே இல்லை. பெரும்பாலான பெண்களுக்கு 45க்கும் 55க்கும் நடுவில் மாதவிலக்கு நிற்கத்தான் செய்யும், அதுதான் மெனோபாஸ். 45 தாண்டியவர்களுக்கு அறிகுறிகளைக் கேட்டாலே தெரிந்துவிடும், எஃப்.எஸ்.எச். பொதுவாகத் தேவையில்லை, மாதவிலக்கு நிற்கப்போகும் சமயத்தில் அது ஏறி இறங்கிக்கொண்டே இருப்பதால் ஒரு தடவை எடுத்த ரிசல்ட்டை வைத்து எதுவும் சொல்ல முடியாது. தைராய்டு பார்த்தது சரி, அதனாலும் இப்படி வியர்க்கும்.

மாத்திரையே கூடாது என்று சொல்லவில்லை. சூடு தாங்காமல் தூக்கம் போய் வேலையே கெடுகிறது என்றால் ஹார்மோன் மாத்திரை நிஜமாகவே உதவும். ஆனால் அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வில், ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டின் என்ற இரண்டு ஹார்மோன்களையும் சேர்த்துச் சாப்பிட்டவர்களுக்கு மார்பகப் புற்றுநோயும் ரத்தக்குழாயில் ரத்தம் உறைவதும் கூடியதால் அந்தப் பகுதியை 2002இல் நடுவிலேயே நிறுத்தினார்கள். அறுபதுக்குக் கீழே இருப்பவர்களில் பலருக்கு ஆபத்தைவிடப் பலன் அதிகம் என்று பிறகு தெளிவானது, சரி, அதற்காகக் குடும்பத்தில் புற்றுநோய் உண்டா, காலில் ரத்தம் உறைந்ததுண்டா, பிபி எவ்வளவு என்று கேட்காமலா எழுதிக் கொடுப்பது? எங்கள் சித்திக்கு மார்பகப் புற்றுநோய் வந்தது. யாரும் கேட்கவில்லை, நாங்களாகச் சொன்னபோதும் சீட்டு மாறவில்லை. மாத்திரை வாங்காமல் வந்துவிட்டோம்.

2021இல் நம்ம மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற தமிழக அரசுத் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிபியும் சுகரும் பார்க்கிறார்கள், மாதவிலக்கு நிற்கிற வயதில் கவனிக்க வேண்டியவற்றில் அவையும் உண்டு, காசும் கிடையாது.

ஒரு வருஷம் முழுக்க நின்ற பிறகு துளி ரத்தம் பட்டாலும், 40 வயதுக்குள்ளேயே நின்றுபோனாலும் தாமதிக்காமல் டாக்டரிடம் போங்கள். ஸ்கேனுக்கு இதே கிளினிக்குக்குப் போகலாம், பேக்கேஜ் அட்டையை மட்டும் வாங்காதீர்கள்.