எலும்பு செல் வளர்க்க ரெடிமேட் இழைத் தாள்: மேற்பரப்புக்கு நல்லது, ‘முப்பரிமாணம்’ என்பது சும்மா

எங்கள் லேபில் இந்த இழைத் தாள்களை நாங்களேதான் செய்துகொண்டிருந்தோம். பாலிமர் கரைசலை ஊசி வழியே மெதுவாகத் தள்ளி, ஊசிக்கும் எதிரே உள்ள தகட்டுக்கும் இடையே பல ஆயிரம் வோல்ட் மின்னழுத்தம் கொடுத்தால் இழை பறந்து வந்து தகட்டில் படியும். கேட்க எளிது. அறையின் ஈரப்பதம் மாறினால் இழையின் பருமன் மாறும், கரைசல் கொஞ்சம் நீர்த்துப்போனால் இழைக்குப் பதில் மணி மணியாக வரும். அந்தத் தொல்லை போதும் என்றுதான் பாலிகாப்ரோலாக்டோன் என்ற, உடலில் மெதுவாக மக்கும் பாலிமரில் செய்த ரெடிமேட் தாள்களை வாங்கினோம். செல் வளர்க்கும் 24 குழி பிளேட்டுக்குப் பொருந்தும் வட்டங்கள், காமா கதிரால் கிருமி நீக்கி, தனித்தனி உறையில் வருகின்றன. வெறும் பாலிமர் ஒரு வகை, ஹைட்ராக்ஸிஅபடைட் (எலும்பில் உள்ள கனிமம் போன்றது) தூள் கலந்தது இன்னொரு வகை.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் மணியே இல்லை. இழைகள் ஒரு மைக்ரானுக்குக் கீழே, ஓரத்திலும் நடுவிலும் ஒரே பருமன். வேறு வேறு பெட்டியிலிருந்து எடுத்தாலும் வித்தியாசம் தெரியவில்லை. இதற்காகவே வாங்கலாம். இன்குபேட்டரின் 37 டிகிரியில் சுருங்குவதும் இல்லை. இதே முறையில் செய்த பிஎல்ஜிஏ (மக்கும் இன்னொரு பாலிமர்) தாள்களை வைத்து வேலை பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்: அவை மீடியாவில், அதாவது செல்லுக்கான ஊட்டத் திரவத்தில், இறங்கியதும் சுருண்டு பாதியாகிவிடும்.

இந்தப் பாலிமருக்குத் தண்ணீர் பிடிக்காது. நேராக மீடியாவில் போட்டால் மிதக்கும், மேலே விட்ட சொட்டு உருண்டையாகவே நிற்கும். 70 சதவீத எத்தனாலில் ஊறவைத்து, காயவிடாமல் பஃபரில் கழுவி, அப்புறம்தான் செல் போட வேண்டும். அழுத்திப் பிடிக்கும் வளையத்தைப் பெட்டியிலேயே வைத்திருக்கலாம், வைக்கவில்லை. சிலிக்கான் ஓ-ரிங் போட்டுச் சமாளித்தோம். முனை தட்டையான இடுக்கி எடுங்கள், கூர்முனை தாளை இழை இழையாகப் பிரித்துவிடும். நீராவியில் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவ் பக்கம் கொண்டுபோகவே கூடாது. 60 டிகிரியிலேயே உருகும் பொருள் இது, 121 டிகிரியில் என்ன மிஞ்சும்?

இப்போது உறையில் பெரிதாக அச்சிட்டிருக்கும் ‘முப்பரிமாணச் சாரம்’ விஷயத்துக்கு வருவோம். சாரம் என்றால் செல்கள் உள்ளே புகுந்து வளரத் தாங்கும் சட்டகம். இழை இவ்வளவு மெல்லியதாக, இவ்வளவு நெருக்கமாக இருந்தால் இடைவெளி சில மைக்ரான்தான் இருக்கும். எலும்பு உருவாக்கும் செல் பரவி உட்கார்ந்தால் 20 மைக்ரானைத் தாண்டும். எப்படி உள்ளே போகும்? சில வாரம் வளர்த்து, குறுக்காக வெட்டி, உட்கருவுக்கு நீலச் சாயம் ஏற்றிப் பார்த்தேன். குளத்தில் பாசி படர்வதுபோல எல்லாம் மேல் விளிம்பில் ஒரே வரிசை. கீழே வெறும் இழை. எலும்பும் ரத்தக்குழாயும் உள்ளே வளர 100 மைக்ரானாவது துளை வேண்டும், 300 இருந்தால் நல்லது. அது வேண்டுமென்றால் உருக்கிய பாலிமரை வலைபோல வரிவரியாக எழுதும் முறைக்குப் போங்கள், அல்லது நீரில் கரையும் இழையைக் கலந்து நூற்று, பிறகு அதைக் கழுவி எடுத்துவிடுங்கள்.

எனக்கு உண்மையிலேயே எரிச்சல் வந்தது அபடைட் கலந்த வகையில். கையேட்டில் அலிசரின் சாயம் ஏற்றிய படம், செக்கச்செவேலென்று. ‘கனிமப் படிவு அதிகம்’ என்று கீழே குறிப்பு. அலிசரின் கால்சியத்தைப் பிடிக்கும் சாயம், அபடைட்டே கால்சியம் பாஸ்பேட். செல்லே போடாத வட்டத்தை அதே சாயத்தில் வைத்தேன், அதுவும் சிவந்தது! செல் இல்லாத தாளைப் பக்கத்தில் வைத்துக் காட்டாத அந்தப் படத்துக்கு அர்த்தமே இல்லை. இந்த வகையை வாங்கினால் செல் இல்லாத ஜோடி ஒன்றைக் கட்டாயம் ஓட்டுங்கள், எலும்பு உருவாக்கும் செல்கள் சுரக்கும் அல்கலைன் பாஸ்படேஸ் என்ற நொதியையும் அளந்து பாருங்கள்.

‘மக்கும்’ என்பதும் பெட்டியில் இருக்கிறது. பொய்யில்லை, ஆனால் பாலிகாப்ரோலாக்டோன் உடலில் கரைந்து மறைய இரண்டு வருடத்துக்கு மேல்கூட ஆகும். உங்கள் சோதனைக் காலத்தில் அது அசையாது. கரையும் வேகத்தைத் தீர்மானிப்பதில் மூலக்கூறு எடைக்குப் பெரிய பங்கு உண்டு. காமா கதிர் பட்டால் அதுவும் மாறக்கூடும். அதனால் கதிரூட்டிய பிறகு அந்த எடை எவ்வளவு என்று கேட்டு நிறுவனத்துக்கு மெயில் போட்டேன். பதில் உடனே வந்தது, எண் வரவில்லை.

இன்னொன்று, தாள் ஒளிபுகாது. சாதாரண மைக்ரோஸ்கோப்பை வைத்துக்கொண்டு தினமும் செல்லை எட்டிப் பார்க்க முடியாது, ஒளிரும் சாயம் வேண்டும்.

செல் எப்படி ஒட்டுகிறது, மருந்து அல்லது பூச்சு மேற்பரப்பில் என்ன செய்கிறது என்று பார்ப்பவர்கள் வெறும் பாலிமர் வகையை யோசிக்காமல் வாங்கலாம். நாங்களும் அதையே மறுபடி ஆர்டர் செய்திருக்கிறோம். எலும்புக் குறையை நிரப்பும் ஆராய்ச்சி என்றால் பணத்தை வேறிடத்தில் போடுங்கள்.