சில நூறு ரூபாய் ஜிபிஎஸ்ஸா, பல ஆயிரம் ரூபாய் ஜிபிஎஸ்ஸா: கம்ப்யூட்டர் கடிகாரத்துக்கு எது போதும்?

நியோ-6எம் என்று விற்கும் நீல நிற ஜிபிஎஸ் போர்டை ஜன்னல் ஓரமாக வைத்து மின்சாரம் கொடுத்தால் முதலில் ஒன்றும் நடக்காது. ஒரு நிமிடமோ ஐந்து நிமிடமோ கழித்து, செயற்கைக்கோள்கள் பிடிபட்டதும், ஓரத்தில் இருக்கும் குட்டி எல்இடி நொடிக்கு ஒரு முறை சிமிட்ட ஆரம்பிக்கும். கம்ப்யூட்டர் கடிகாரத்துக்காக ஜிபிஎஸ் வாங்குகிறவர்களுக்கு வேண்டியது அந்தச் சிமிட்டல் மட்டும்தான். அட்சரேகை, தீர்க்கரேகை, எத்தனை சேனல், எத்தனை ஹெர்ட்ஸ் என்று பெட்டியில் போட்டிருக்கும் மற்றதெல்லாம் கார் ஓட்டுகிறவருக்கும் ட்ரோன் பறக்க விடுகிறவருக்கும்.

அந்தச் சிமிட்டலுக்குப் பெயர் பிபிஎஸ். ஒவ்வொரு நொடியும் பிறக்கும் கணத்தில் ரிசீவர் ஒரு கம்பியில் அனுப்பும் துடிப்பு. நியோ-6எம்மின் தகவல் தாளிலேயே இந்தத் துடிப்பின் பிழை 30 நானோ செகண்ட் என்று இருக்கிறது (நொடியை நூறு கோடியாக வெட்டினால் ஒரு துண்டுதான் நானோ செகண்ட்). வெளிச்சம் அந்த நேரத்தில் ஒன்பது மீட்டர்தான் போகும். சில நூறு ரூபாய்ப் பொருள் இது. நம்பவே முடியாத மலிவு.

சரி, அப்புறம் எதற்கு ஆளுக்கு ஆள் வேறு வேறு ரிசீவரைச் சிபாரிசு செய்கிறார்கள்? ஒவ்வொன்றாகப் பார்ப்போம். ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கம்ப்யூட்டரில் க்ரோனி என்ற கடிகார மென்பொருளைப் போட்டு, வீட்டிலோ சின்ன ஆபீஸிலோ மற்ற கம்ப்யூட்டர்களுக்கு நெட்வொர்க் வழியாக மணி சொல்லும் என்டிபி சர்வர் ஒன்றைச் சொந்தமாக வைக்க வேண்டும் என்பதை மனதில் வைத்துதான் எழுதுகிறேன்.

முதலில் எல்லோரும் ஏமாறுகிற இடம், யுஎஸ்பி டாங்கிள். பென் டிரைவ் மாதிரி இருக்கும் வி.கே-172, காந்தம் வைத்த வட்ட டப்பாவாக வரும் பி.யு-353 போன்றவை. செருகினால் வேலை செய்யும், சால்டரிங் தேவையில்லை, நானும் முதலில் இதைத்தான் வாங்கினேன். சிக்கல் என்னவென்றால் இவற்றில் பிபிஎஸ் கம்பி கிடையாது, மணி என்ன என்பதை எழுத்தாகத்தான் அனுப்பும். அந்த வாக்கியம் எப்போது வந்து சேரும் என்பது ரிசீவர் அந்த நொடியில் எத்தனை செயற்கைக்கோளைக் கணக்கு போட்டது, யுஎஸ்பி எப்போது அதை எடுத்துக்கொண்டது என்பதையெல்லாம் பொறுத்து முன்னே பின்னே ஆடும். சராசரித் தாமதத்தைக் கண்டுபிடித்து க்ரோனியில் கழித்துக்கொள்ளலாம், ஆனால் ஆட்டத்தைக் கழிக்க முடியாது. கடைசியில் பல மில்லி செகண்ட் (நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தள்ளாட்டத்தில் வந்து நிற்கும். வீட்டு பிராட்பேண்டில் இணையத்து என்டிபி சர்வர்களை வைத்தே சில மில்லி செகண்டுக்குள் மணியைப் பிடித்துவிடலாம், அதுவும் இலவசமாக. காசு கொடுத்து வாங்கிய ஜிபிஎஸ் இலவசத்தை விட மோசமாக நேரம் காட்டியபோது எனக்கு வந்த எரிச்சலைச் சொல்லி மாளாது.

அதற்காக டாங்கிளைத் தூக்கிப் போட வேண்டாம். ஹாம் ரேடியோக்காரர்கள் இணையம் இல்லாத மலையிலோ கடற்கரையிலோ லேப்டாப்போடு உட்கார்ந்து எஃப்டி8 என்ற டிஜிட்டல் முறையில் செய்தி அனுப்பும்போது மணி ஒரு நொடிக்குள் சரியாக இருந்தாலே போதும். அங்கே டாங்கிள்தான் ராஜா. என்டிபி சர்வருக்கு மட்டும் வேண்டாம்.

அடுத்து நியோ-6எம். சென்னை ரிச்சி தெருவில் ஒரு கடையில் வாங்கினேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் போர்டில் மொத்தம் நான்கு கால்கள்தான்: மின்சாரம், எர்த், அனுப்புவது, வாங்குவது. பிபிஎஸ்ஸைக் காணோம். கடைக்காரரிடம் கேட்டேன், "அதெல்லாம் உள்ளேயே இருக்கு சார்" என்றார். அவர் சொன்னது நிஜம்தான். சிப்பின் மூன்றாவது காலில் பிபிஎஸ் இருக்கிறது, அங்கிருந்து ஒரு ரெசிஸ்டர் வழியாக அந்த எல்இடிக்கு மட்டும் போகிறது. ரெசிஸ்டரின் சிப் பக்கத்து முனையில் மெல்லிய ஒயரைப் பற்றவைத்து இழுக்க வேண்டியதுதான். ரெசிஸ்டர் கடுகு அளவு. கை நடுங்கினால் பக்கத்தில் இருப்பதையும் சேர்த்துப் பிடுங்கிவிடும். எனக்கு இரண்டாவது போர்டில்தான் சரியாக வந்தது. முதல் போர்டு இன்னும் மேஜை டிராயரில் கிடக்கிறது.

இப்போது அதே போர்டு ஐந்தாவது காலோடும் வருகிறது. ஆன்லைனில் வாங்குவதாக இருந்தால் படத்தைப் பெரிதாக்கி, கால்களின் பக்கத்தில் பிபிஎஸ் என்று அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் இன்னும் மலிவான சீனத்து ஏடிஜிஎம்336ஹெச் போர்டைப் பாருங்கள், அதில் பிபிஎஸ் தனிக் காலாகவே வெளியே வருகிறது. இன்னொன்று, நியோ சிப்புகளைச் செய்யும் யு-ப்ளாக்ஸ் நிறுவனத்தின் பெயரில் போலி சிப்புகள் சந்தையில் நிறைய உண்டு. போலியும் துடிப்பு கொடுக்கத்தான் செய்யும், ஆனால் தகவல் தாளில் இருக்கும் 30 நானோ செகண்டை அதன் மேல் ஏற்றிச் சொல்ல முடியாது.

நியோ-எம்8என் விலை இதை விடக் கூட. 6எம் அமெரிக்க ஜிபிஎஸ்ஸை மட்டும்தான் கேட்கும். எம்8 குடும்பம் ஒரே நேரத்தில் ரஷ்யாவின் குளோனாஸ் போன்ற இன்னொரு செயற்கைக்கோள் கூட்டத்தையும் சேர்த்துக் கேட்கும். மொட்டை மாடியில் வானம் முழுக்கத் தெரிந்தால் இரண்டுக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது. நாலு பக்கமும் அடுக்குமாடி சூழ்ந்த பால்கனியில் கூடுதலாகக் கிடைக்கும் அந்த நாலைந்து செயற்கைக்கோள்தான் பிடி விட்டுப்போகாமல் காப்பாற்றும்.

ஆனால் எம்8 போட்டதும் எனக்கு ஒரு விசித்திரம் நடந்தது. மணி சரியாக ஒரு நொடி தள்ளிப் போய் நின்றது. அரை நொடி இல்லை, முக்கால் நொடி இல்லை, அச்சு பிசகாமல் ஒரு நொடி. காரணம் சுலபம். பிபிஎஸ் துடிப்பு "இதோ நொடி பிறந்தது" என்று மட்டும் சொல்லும், எந்த நொடி என்று சொல்லாது. அதைச் சொல்வது பின்னாலேயே சீரியல் கம்பியில் வரும் எழுத்து வாக்கியங்கள். 9600 பாட் வேகத்தில் நொடிக்கு 960 எழுத்துதான் போகும். செயற்கைக்கோள் கூடக்கூட ஒவ்வொன்றும் வானத்தில் எங்கே நிற்கிறது என்று விவரிக்கும் வாக்கியங்களும் கூடும். எழுநூறு எழுத்து சேர்ந்துவிட்டால் கடைசி வாக்கியம் வந்து சேர முக்கால் நொடி ஆகிவிடும். அரை நொடியைத் தாண்டினாலே மென்பொருள் பக்கத்து நொடியோடு முடிச்சுப் போட்டுவிடும். வேண்டாத வாக்கியங்களை நிறுத்திவிட்டு தேதியும் நேரமும் சொல்லும் ஒன்றை மட்டும் விட்டேன், பாட் வேகத்தையும் 38400 ஆக்கினேன். சரியாகிவிட்டது.

அடாஃப்ரூட்டின் அல்டிமேட் ஜிபிஎஸ்ஸை சால்டரிங்கோடு மல்லுக்கட்ட விரும்பாதவர்களுக்குச் சொல்வேன். பிபிஎஸ் தனிக் காலாக இருக்கிறது, பட்டன் பேட்டரிக்கு இடம் இருக்கிறது, விளக்கக் குறிப்புகள் அருமை. பையின் மேல் தொப்பி மாதிரி உட்காரும் வகையும் உண்டு, அதில் பிபிஎஸ் நேராகப் பையின் ஜிபிஐஓ 4 என்ற காலுக்குப் போய்விடும். உள்ளே இருக்கும் மீடியாடெக் சிப் நல்ல சிப். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் கப்பல் கூலி, சுங்கம் எல்லாம் சேர்ந்து விலை எங்கேயோ போய்விடும், அவ்வளவுதான் குறை.

கார்மின் 18எக்ஸ் எல்விசி பழைய ஆட்களின் செல்லப் பிள்ளை. ரிசீவர், ஆன்டெனா எல்லாம் ஒரே கறுப்பு வட்டத்துக்குள், மழைக்கும் வெயிலுக்கும் அசையாது, நீளமான கேபிளோடு வரும். பழைய கம்ப்யூட்டர்களின் ஒன்பது முள் சீரியல் போர்ட்டில் முதல் முள்ளுக்கு பிபிஎஸ்ஸைக் கொடுத்தால் முடிந்தது. அதன் பிபிஎஸ் துல்லியம் ஒரு மைக்ரோ செகண்ட் (ஆயிரம் நானோ செகண்ட்), காகிதக் கணக்கில் நியோ-6எம்மை விட முப்பது மடங்கு மோசம், விலையோ பல மடங்கு அதிகம். ராஸ்பெர்ரி பைக்கு இதை யோசிக்காதீர்கள். இதன் கம்பிகளில் வருவது 5 வோல்ட் மட்டம், பையின் கால்கள் தாங்குவது 3.3 வோல்ட். நேராகக் கொடுத்தால் பை கெட்டுப்போகும்.

இப்போது பெரிய தலை. நியோ-எம்8டி, எல்இஏ-எம்8டி என்று 'டி' போட்டு வருபவை நேரத்துக்கென்றே செய்தவை. சாதாரண ரிசீவரின் துடிப்பு அதன் உள் கடிகாரத்தின் டிக்-டிக் அடியோடுதான் சேர்ந்து வர முடியும். நியோ-6 போன்றவற்றில் அந்த அடிக்கு அடி இடைவெளி சுமார் 21 நானோ செகண்ட், அதனால் துடிப்பு ரம்பப் பல் மாதிரி முன்னும் பின்னும் நகரும். டி வகை, இந்தத் துடிப்பு எத்தனை நானோ செகண்ட் தள்ளி வருகிறது என்பதையும் கூடவே சொல்லிவிடும், கழித்துக்கொள்ளலாம்.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்தத் துடிப்பு பைக்குள் நுழைந்ததும் என்ன ஆகிறது? ஜிபிஐஓ காலில் துடிப்பு ஏறியதும் பிராஸசர் கையில் இருக்கும் வேலையை விட்டுவிட்டு வந்து நேரத்தைக் குறிக்க வேண்டும். அதற்கே மைக்ரோ செகண்ட் கணக்கில் ஆகும், ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரியும் ஆகாது. அங்கிருந்து நெட்வொர்க்கில் இன்னொரு கம்ப்யூட்டருக்குப் போகும்போது கேபிள் வழியாக என்றாலே பல பத்து மைக்ரோ செகண்ட், வைஃபை என்றால் மில்லி செகண்ட் வரை ஆடும். இந்த நிலையில் 21 நானோ செகண்ட் ரம்பத்தைச் சீவுவதற்குப் பல ஆயிரம் ரூபாய் கொடுப்பது, பொன் நிறுக்கும் தராசை வாங்கி வந்து விறகு நிறுக்கிற கதை.

அப்படியானால் எம்8டி வீணா என்றால், இல்லை. அதை வாங்க ஒரு நல்ல காரணம் உண்டு, அதை யாரும் பெரிதாகச் சொல்வதில்லை. சாதாரண ரிசீவருக்கு இடம், நேரம் இரண்டையும் சேர்த்துக் கண்டுபிடிக்க நாலு செயற்கைக்கோள் வேண்டும். எம்8டியிடம் "நீ நகரப் போவதில்லை, முதலில் உன் இடத்தை நன்றாக அளந்து வைத்துக்கொள்" என்று சொல்லிவிடலாம். அளந்து முடித்த பிறகு ஒரே ஒரு செயற்கைக்கோள் தெரிந்தாலும் நேரம் கொடுத்துக்கொண்டிருக்கும். இடத்தை முப்பது மீட்டர் தப்பாக அளந்திருந்தாலும் நேரத்தில் வரும் பிழை சுமார் 100 நானோ செகண்ட், கம்ப்யூட்டருக்கு அது ஒன்றுமே இல்லை. மாடிக்குக் கேபிள் இழுக்க வீட்டு ஓனர் விடமாட்டார், ஒரு முழ வானம் தெரியும் ஜன்னல்தான் இருக்கிறது என்பவர் யோசிக்காமல் இதை வாங்கலாம். மற்றவர்கள் அந்தப் பணத்தில் காந்தம் வைத்த வெளி ஆன்டெனாவும் நல்ல கேபிளும் வாங்கிக்கொள்ளலாம், மிச்சமும் இருக்கும்.

டிரிம்பிள் தண்டர்போல்ட் மாதிரி பழைய டெலிகாம் பெட்டிகள் பற்றியும் கேட்கிறார்கள். உள்ளே சூடாக்கி வைத்த அருமையான படிகக் கடிகாரம் இருக்கும், சிக்னல் போனாலும் மணிக்கணக்கில் தாங்கும். ஆனால் ஜிபிஎஸ் வாரத்தை 1024 வரைதான் எண்ணும், பிறகு பூஜ்யத்திலிருந்து தொடங்கும். அந்தக் கணக்கில் தண்டர்போல்ட் 2017 ஜூலை 30 அன்று தேதியை 1997 டிசம்பருக்குக் கொண்டு போய்விட்டது. துடிப்பு சரி, தேதி தப்பு. மென்பொருளில் 1024 வாரத்தைக் கூட்டிக்கொள்ளத் தெரிந்தவர் வாங்கலாம்.

வன்பொருள் மட்டும்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். ரிசீவர் சொல்வதைப் படித்துக் கம்ப்யூட்டருக்குக் கொடுக்கும் ஜிபிஎஸ்டி மென்பொருளின் சில பதிப்புகள் 2021 அக்டோபர் 24 அன்று இதே 1024 வாரம் பின்னால் குதித்து 2002 மார்ச்சில் போய் நின்றன. எந்த ரிசீவர் வாங்கினாலும் க்ரோனியில் கூடவே நாலு இணைய சர்வர்களையும் எழுதி வையுங்கள். ஜிபிஎஸ் உளற ஆரம்பித்தால் யார் பொய் சொல்கிறார்கள் என்று க்ரோனி கண்டுபிடித்துக்கொள்ளும். நிறுவனம் நடத்துகிறவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும்: இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான சர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று போட்ட உத்தரவுப்படி இங்குள்ள நிறுவனங்களின் கணினிகள் தேசிய தகவல் மையம் (என்ஐசி) அல்லது டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் என்டிபி சர்வர்களோடோ, அவற்றோடு தொடர்புபடுத்தக்கூடிய சர்வர்களோடோ ஒத்திசைய வேண்டும். மாடியில் ஜிபிஎஸ் இருக்கிறது என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

பவர் கட்டுக்குப் பிறகு கவனிக்க ஒன்று. ஜிபிஎஸ் நேரம் இன்றைக்கு உலகப் பொது நேரமான யுடிசியை விட 18 நொடி முன்னால் ஓடுகிறது. அந்த 18 என்ற எண் செயற்கைக்கோள் செய்தியில் 12.5 நிமிடத்துக்கு ஒரு முறைதான் வரும். போர்டின் குட்டி பேட்டரி செத்திருந்தால் பழைய மாட்யூல் தான் பிறந்த காலத்து எண்ணை வைத்துக்கொண்டு இரண்டு மூன்று நொடி தள்ளியே மணி சொல்லும், பிறகு திருந்தும். பதறாமல் கால் மணி நேரம் விட்டுவிடுங்கள்.

என்னிடம் இப்போது ஓடுவது நியோ-6எம், அந்தப் பற்றவைத்த ஒயரோடு. போர்டு கீழே பையின் பக்கத்தில், ஆன்டெனா மட்டும் மாடியில். கேபிள் மீட்டருக்கு 5 நானோ செகண்ட் தாமதம் சேர்க்கும், பத்து மீட்டருக்கு 50, அதை யார் கண்டார்கள். க்ரோனி காட்டும் ஆட்டம் ஓரிரு மைக்ரோ செகண்ட். அதில் பெரிய பங்கு ஜிபிஎஸ்ஸால் வருவதில்லை. மத்தியானம் மின்விசிறியைப் போட்டால் பையின் படிகம் குளிர்ந்து ஓட்டம் மாறுவது வரைபடத்தில் பளிச்சென்று தெரிகிறது, ஊருக்குப் போன நாட்களில் கோடு நேராக இருக்கிறது.

ஆன்டெனாவுக்கு அடியில் ஓர் உலோகத் தகடு இருந்தால் சிக்னல் நன்றாகப் பிடிக்கும். முதலில் எவர்சில்வர் தட்டு வைத்துப் பார்த்தேன், காந்தம் ஒட்டவில்லை, காற்றில் நகர்ந்துகொண்டே இருந்தது. இப்போது வீட்டில் ஒதுக்கிப் போட்ட இரும்பு தோசைக்கல்லின் மேல் உட்கார்ந்திருக்கிறது.